வெறுங்கையால் சூளை பிரித்தவன்

ஜத்தாவ் என்றால் ஹவுசாப் பேச்சில் செவலை. பிறந்த குழந்தையின் நிறத்தைப் பார்த்து வைத்த பெயர். கிவா ஊரில் எல்லாரும் கன்னங்கரேல் என்று இருக்க, அவன் மட்டும் செம்மண்ணில் புரண்டு எழுந்தவன்போல இருந்தான்.

கிவாவில் ஆண்பிள்ளை என்றால் கிழங்குக் கொல்லையில் மேடு வெட்டுகிறவன். மண்பாண்டம் பெண்களுடையது. குனிந்த முதுகு நிமிராமல் பானையைச் சுற்றிச் சுற்றிப் பின்னடையாக நடந்தே விளிம்பு எடுத்துவிடுவார்கள். ஊருக்கு வெளியே ஒரு வெள்ளைக்காரர் பட்டறை போட்டு, காலால் உதைத்துச் சுற்றும் சக்கரங்களை வரிசையாக நிறுத்தி, அதில் உட்கார ஆண்களைக் கூப்பிட்டபோது ஊரே சிரித்தது. ஜத்தாவ் போனான். அவனுக்கு அப்போது இருபது வயது. வெயிலில் மேடு வெட்டுவதைவிட நிழலில் உட்கார்ந்து கேலி வாங்குவது மேல் என்று அவனுக்குப் பட்டது.

"போறதுதான் போற, உங்கக்கா துணிய வாங்கி இடுப்புல கட்டிட்டுப் போ" என்றார்கள் சந்தையில்.

"அவங்க பானையச் சுத்தி நடக்கறாங்க. நான் உட்கார்ந்திருப்பேன், பானை என்னைப் பார்த்துச் சுத்தும். எது ராஜா உத்தியோகம்னு நீயே சொல்லு" என்றான் ஜத்தாவ்.

வாய் அப்படி. கையும் அப்படித்தான் அமைந்துவிட்டது. மற்றவர்கள் ஒரு வருஷம் முக்கிக் கற்றதை அவன் மழைக்காலம் முடிவதற்குள் கற்றான். மண்ணுருண்டையைச் சக்கரத்தின் நடுவில் அறைந்தால் அது இரண்டே சுற்றில் ஆடாமல் அசையாமல் நிற்கும். உள்ளே ஒரு கை, வெளியே ஒரு கை. சுவர் தானாக எழும்பி வரும். எந்த இடத்தில் எவ்வளவு கனம் என்பது விரல்நுனிக்குத் தெரியும், கண் வேண்டியதில்லை. பேசிக்கொண்டே, எங்கோ பார்த்துக்கொண்டே, மதியச் சாப்பாட்டுக்குள் நூறு கோப்பை இறக்கி வைப்பான். வெள்ளைக்காரர் ஊருக்குத் திரும்பிப் போய், பட்டறையை அரசாங்கம் எடுத்துக்கொண்டு, மாலம் இத்ரீஸ் என்பவர் (படித்தவரை அங்கே மாலம் என்பார்கள்) மேலாளராக வந்த காலத்தில் பன்னிரண்டு சக்கரங்களில் முதல் சக்கரம் ஜத்தாவுடையது.

மற்றவர்களின் வேலையை அவன் சும்மா விட்டதில்லை. காயவைத்த பலகை ஓரமாக நடந்து போவான்; விளிம்பு கோணலாகத் தெரிந்தால் கட்டைவிரலை வைத்து அமுக்கிவிட்டுப் போவான். அதிகம் மாட்டியது டாங்கோ. ஜத்தாவின் மனைவி லாராயின் தம்பி. மண் மிதித்துப் பிசைகிற வேலை அவனுக்கு. சக்கரத்தில் உட்கார வேண்டும் என்று தீராத ஆசை. மதிய ஓய்வில் யாருடைய சக்கரத்திலாவது ஏறி ஒரு சட்டி வனைந்து வைப்பான். ஜத்தாவ் அதை எல்லார் முன்னாலும் தூக்கிப் பிடித்துக் காட்டுவான்.

"இது சட்டி இல்லப்பா. போற வழியில கழுதை போட்டது. எங்க வீட்டுக்காரி கூடப் பொறந்தவன்னு சொல்லிக்காத, அவ பேரு கெட்டுரும்" என்று சொல்லி மண்தொட்டியில் எறிவான்.

டாங்கோ சிரிப்பான். "சரி மச்சான்" என்பான். தொட்டிக்குள் இறங்கி மண்ணை மறுபடி மிதிப்பான்.

சந்தையில் புளியமரத்தடியில் விரல் இல்லாத ஒரு பிச்சைக்காரர் உட்கார்ந்திருப்பார். பெருவியாதிக்காரர். ஜத்தாவ் அவருக்குத் தவறாமல் காசு போடுவான். ஆனால் உருட்டிவிடுவான். அவர் தவழ்ந்து போய், மொட்டைக் கைகள் இரண்டுக்கும் நடுவில் அந்தக் காசை இடுக்கி எடுக்க முயல்வதைப் பார்க்க ஒரு கூட்டம் நிற்கும். மூன்று தடவை நழுவினால் மூன்று தடவையும் சிரிப்பார்கள். "பழகணும்ல பெரியவரே" என்பான் ஜத்தாவ். அவர் ஒருநாளும் அவனைச் சபித்ததில்லை. காசு கிடைத்தால் வாங்கிக்கொள்வார்.

லாராயும் பானைக்காரிதான். குடம் கட்டுவதில் அவளுக்கு நல்ல பெயர். ஜும்மை என்று ஒரே பெண். அதற்கு அப்போது ஏழு வயது. ஒருநாள் மாலை ஜத்தாவ் வேலை முடிந்து வந்து சட்டையைக் கழற்றிவிட்டு வாசலில் உட்கார்ந்திருந்தபோது லாராய் அவன் முதுகைப் பார்த்தாள். வேர்வை முத்து முத்தாக நின்ற முதுகில் உள்ளங்கை அகலத்துக்கு ஓர் இடம் மட்டும் வறண்டு கிடந்தது. நிறமும் கொஞ்சம் வெளிறல். மற்றவர் உடம்பென்றால் தூரத்திலேயே தெரிந்திருக்கும். இவன் நிறத்தில் கிட்டப் போனால்தான் தெரிந்தது. மறுநாள் அவன் களி தின்றுகொண்டிருக்கையில் பின்னால் போய், ஒரு முள்ளால் அந்த இடத்தில் மெல்லக் குத்திப் பார்த்தாள். அவன் திரும்பவில்லை. அழுத்திக் குத்தினாள். ரத்தம் துளிர்த்தது. அவன் குழம்பு இன்னும் கொஞ்சம் கேட்டான்.

 அடுத்த நாள் குடம் ஒன்றைக் கட்டிக்கொண்டே, அவன் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

"உங்க முதுகுல ஒரு இடம் வேர்க்க மாட்டேங்குது. குத்தினாலும் தெரியல. அது அந்த வியாதியாத்தான் இருக்கும்போல. டிஸ்பென்சரிக்குப் போனா மாத்திரை தர்றாங்களாம்."

அவன் அறைந்த அறையில் அவள் கட்டிக்கொண்டிருந்த குடத்தின் மேலேயே விழுந்தாள். பச்சைக் குடம் அவள் மார்புக்கடியில் நசுங்கிப் போயிற்று.

"என் வீட்டுல அந்தப் பேரை இன்னொரு தடவ சொன்னா வாயில பல்லு இருக்காது" என்றான்.

லாராய் எழுந்து, உடம்பில் அப்பிய மண்ணை வழித்து, உருட்டி, ஈரத்துணி போட்டு மூடினாள். அதன் பிறகு அவள் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

அதே வருஷம் புழுதிக்காற்று வீசும் மாதத்தில் ஒரு சூளை பிரித்தார்கள். சுட்டு முடித்து இரண்டு நாள் ஆறவிட்டுத்தான் வாசலை உடைப்பது வழக்கம். அன்று யாரோ பெரிய அதிகாரி வந்து காத்திருந்ததால் மாலம் இத்ரீஸ் அவசரப்படுத்தினார். செங்கல்லை எடுத்ததும் அனல் முகத்தில் அடித்தது. எல்லாரும் சாக்கை நனைத்துக் கையில் சுற்றிக்கொண்டு தயங்கி நின்றார்கள். ஜத்தாவ் உள்ளே கையை விட்டு ஒரு தேநீர்க் கெண்டியை எடுத்து, திருப்பித் திருப்பிப் பார்த்து, "கழுத்துல பூச்சு சரியா உருகல" என்றான். பிறகு அதைப் பக்கத்திலிருந்த காய்ந்த சாக்கின்மேல் வைத்தான். சாக்கு புகைந்தது.

எல்லாரும் சாக்கைப் பார்த்தார்கள். அப்புறம் அவன் கையைப் பார்த்தார்கள்.  ஜத்தாவும் தன் கையைப் பார்த்தான். பிறகு அவனே முதலில் சிரித்தான். "என்னப்பா, நெருப்புன்னா இவ்வளவு பயமா" என்று இன்னொன்றை எடுத்தான். அதிகாரி கைதட்டினார். எல்லாரும் தட்டினார்கள்.

மாலம் இத்ரீஸ் கெட்டிக்காரர். அடுத்த சூளைக்கு பெரிய ஊரான மின்னாவிலிருந்து நாலு கார் வந்து நின்றன. அதற்கடுத்ததற்கு தலைநகர் லாகோஸிலிருந்தே வந்தார்கள். நாற்காலி போட்டு உட்காரவைத்து, மாலம் முன்னால் நின்று சொல்வார்: "இந்த ஆளோட குடும்பத்துக்கும் நெருப்புக்கும் ஏழு தலைமுறை ஒப்பந்தம். பார்த்துக்குங்க." ஜத்தாவ் தோளில் நீல அங்கி புரள நடந்து வந்து, சூளைக்குள் கைவிட்டு ஒவ்வொன்றாக எடுப்பான். நீலப் பூச்சுக் கோப்பைகள் வெளிக்காற்றுப் பட்டு டிங் டிங்கென்று சத்தம் போடும். அவன் கையிலிருந்து நேராக வாங்க வேண்டும் என்று ஆட்கள் முண்டுவார்கள். இரும்புக் கை என்று பெயர் வந்துவிட்டது. அந்த நீல அங்கி மாலம் எடுத்துக் கொடுத்தது.

வீட்டுக்கு வந்தபின் உள்ளங்கை கொப்பளித்துத் தொங்கும். லாராய் மரக்கொட்டை வெண்ணெய் தடவிவிடுவாள். அவன் எதிர்ச்சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பான். அவனுக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்ல முடியாது. எல்லாரும் கைதட்டும்போது தெரியாமல் இருப்பது சுலபமாக இருந்தது, அவ்வளவுதான்.

ஒருநாள் சைக்கிளில் ஒருவர் பட்டறைக்கு வந்தார். இஷாயா என்று பெயர். ஊர் ஊராகப் போய்த் தோல் பார்த்துப் பெருவியாதிக்காரர்களைக் கண்டுபிடிக்கிற சர்க்கார் ஊழியர். எல்லாரையும் சட்டையைக் கழற்றச் சொல்லி வரிசையாகப் பார்த்தார். ஜத்தாவின் முழங்கைக்குப் பின்னால் விரலை வைத்து உருட்டினார். அங்கே நரம்பு கயிறுபோல் தடித்திருந்தது. கண்ணை மூடச் சொல்லி, கோழி இறகால் அவன் கையைத் தொட்டார்.

"எங்க தொட்டேன், சொல்லுங்க."

"இன்னும் தொடவே இல்லையே" என்றான் ஜத்தாவ்.

இஷாயா நாலு பேர் முன்னால் எதுவும் சொல்லவில்லை. அன்றைக்கு மாலம் மின்னாவுக்குப் போயிருந்தார். ஒரு காகிதத்தில் எழுதி, எழுத்துத் தெரிந்தவன் யார் என்று கேட்டார். ரெண்டு வருஷம் பள்ளிக்கூடம் போன டாங்கோ முன்னால் வந்தான். அவனிடம் கொடுத்து மாலத்திடம் சேர்க்கச் சொன்னார். ஜத்தாவைத் தனியே கூப்பிட்டு, "உங்க மாலத்துக்கு எழுதியிருக்கேன், அவர் விவரம் சொல்லுவார். செவ்வாய்க்கிழமை டிஸ்பென்சரிக்கு வாங்க. கட்டாயம் வரணும். அதுவரைக்கும் சூளைப் பக்கம் போகாதீங்க" என்றார்.

மறுநாள் ஜத்தாவே போய்க் கேட்டான். மாலம் சாதாரணமாகச் சிரித்தார்.

"அதுவா. சூளை வெக்கையில கண்ணு கெட்டுரும், ஜாக்கிரதையா இருக்கணும்னு எழுதியிருக்கான். இவனுங்க வேலையே அதுதானே. ஹோட்டலுக்கு ரெண்டாயிரம் உருப்படி கொடுக்கணும், தெரியும்ல. செவ்வாய்க்கிழமை நீ எங்கயும் நகராத."

ஜத்தாவுக்கு அந்தப் பதில் போதுமானதாக இருந்தது. அவனுக்கு வேண்டியிருந்ததும் அப்படி ஒரு பதில்தான். இஷாயா இரண்டு செவ்வாய்க்கிழமை காத்துப் பார்த்தாராம். மூன்றாவது வாரம் அவரை வேறு ஜில்லாவுக்கு மாற்றிவிட்டார்கள்.

அப்படி நாலு வருஷம் போயிற்று. விரல்நுனிக்கு மண் தெரியாமல் போனது. சுவரின் கனத்தை அவன் கண்ணால் பார்க்கக் கற்றான். விரலால் சுண்டிச் சத்தத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்ளக் கற்றான். கோப்பைகள் அடிப்பக்கம் கனத்துப்போயின. யாரும் குறை சொல்லவில்லை. வாங்குகிறவர்களுக்கு இரும்புக் கை செய்தது என்றால் போதும். பட்டறை மண்ணில் பொடிமணல் அதிகம். சக்கரத் தட்டின்மேல் ஊன்றிய சுண்டுவிரல் ஓரத்தை அது நாள் முழுக்க அராவிக்கொண்டே இருந்தது. வெள்ளை மண்குழம்பு சிலநாள் இளஞ்சிவப்பாக ஓடும். மற்றப் பதினொரு பேரும் அதைப் பார்த்தார்கள். தங்கள் சக்கரத்தை உதைத்துக்கொண்டு தங்கள் வேலையைச் செய்தார்கள். டாங்கோ மட்டும் எழுந்து வருவான்.

"மச்சான், தண்ணி அழுக்காயிருச்சு. மாத்தட்டுமா?" என்பான்.

சிவந்த தண்ணீரைக் கொட்டிவிட்டு நல்ல தண்ணீர் கொண்டுவந்து வைப்பான். ஜத்தாவ் அவனை நிமிர்ந்து பார்ப்பதில்லை. கழுதை என்று பேசுவதை எல்லாம் எப்போதோ நிறுத்திவிட்டிருந்தான்.

கடைசியில் விரல்கள் மடங்கத் தொடங்கின. அந்த வருஷ மழைக்காலத்துக்கு முந்திய சூளையில், விருந்தாளிகளோடு வந்த ஒரு பெண் அவன் கையிலிருந்து கோப்பையை ஆசையாக வாங்கினாள். வாங்கும்போது அந்தக் கையைப் பார்த்தாள். நர்ஸ் வேலை செய்தவளோ என்னவோ. கோப்பையைத் தரையில் போட்டுவிட்டு, தன் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டே அந்த வியாதியின் பெயரை ஹவுசாவில் உரக்கச் சொன்னாள்.

மாலம் இத்ரீஸ் இரண்டு அடி பின்னால் நகர்ந்தார். "ஐயோ, நாங்க யாரும் கவனிக்கவே இல்லையே" என்றார். "டேய் ஜத்தாவ், இதை மறைச்சு வச்சுக்கிட்டா என்கிட்ட வேலை பார்த்த?"

ஜத்தாவ் பட்டறையில் சுற்றிலும் பார்த்தான். மற்றப் பதினொரு பேரும் தரையைப் பார்த்தார்கள்.

அன்று மத்தியானமே அவன் உட்கார்ந்த பலகையைச் சூளை அடுப்பில் போட்டு எரித்தார்கள். சக்கரத்தைக் கொதிநீரும் சாம்பலும் போட்டுத் தேய்த்தார்கள். காய்ந்துகொண்டிருந்த அவனுடைய பச்சைப் பாண்டங்களை எல்லாம் கழியால் அடித்து நொறுக்கச் சொன்னார் மாலம். ஏற்கெனவே சுட்டு அடுக்கியிருந்ததைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, அவை விற்றுப்போயின. ஒரு வாரம் கழித்து முதல் சக்கரத்தில் டாங்கோ உட்கார்ந்தான்.

ஊர் அதைவிட வேகமாக வேலை செய்தது. லாராய் தோளில் குடங்களை ஏற்றிச் சந்தைக்குப் போனாள். ஒருத்தியும் வாங்கவில்லை. நேற்றுவரை வாங்கியவர்கள் பழைய குடத்தையும் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்துவிட்டுப் போனார்கள். இரண்டாவது சந்தையிலும் அதே கதை. மூன்றாவது சந்தை அன்று அவள் நடுவீதியில் எழுந்து நின்று, எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள்.

"எனக்குப் புருஷன் இல்ல. அந்த ஆளோட சட்டி பானைய உடைச்சாச்சு, பாய், துணி எல்லாம் எரிச்சாச்சு. நான் என் தம்பி வீட்டுல இருக்கேன். என் கையப் பாருங்க, என் பிள்ளை கையப் பாருங்க." ஜும்மையின் இரண்டு கைகளையும் உயரத் தூக்கிக் காட்டினாள்.

ஜத்தாவ் அப்போது தன் வீட்டுக்குப் பின்னால் தானியக் குதிர் ஓரமாகப் படுத்திருந்தான். சந்தைக்குப் போய்த் திரும்பியவர்கள் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, அவனுக்குக் கேட்கவேண்டும் என்றே அதைப் பேசிவிட்டுப் போனார்கள். மறுநாள் காலையில் அவன் நடக்கத் தொடங்கினான். எந்த லாரியும் அவனை ஏற்றவில்லை. தொழுநோயாளர் குடியிருப்புக்குப் போய்ச்சேர ஐந்து நாள் ஆயிற்று.

அங்கே மருந்து கொடுக்கும் மேஜைக்குப் பின்னால் இஷாயா உட்கார்ந்திருந்தார். கொஞ்சம் நரைத்திருந்தார். இவனைப் பார்த்ததும் பேனாவைக் கீழே வைத்தார்.

"கிவா பட்டறை ஜத்தாவ்தானே நீங்க? நாலு வருஷமா ஏன் வரல?"

"எதுக்கு வரணும்?"

"காகிதம் எழுதிக் கொடுத்தேனே. பெருவியாதி ஆரம்பிச்சிருக்கு, வாரம் ஒருநாள் மாத்திரை போட்டாப் போதும், வேலையக்கூட விட வேண்டாம், நெருப்புப் பக்கம் மட்டும் விடாதீங்கன்னு தெளிவா எழுதினேன். உங்க மச்சான்தானே வாங்கினான். என் முன்னாலயே எழுத்துக்கூட்டிப் படிச்சான்."

ஜத்தாவ் மடங்கிய கைகளைச் சட்டைக்கைக்குள் இழுத்துக்கொண்டான்.

"அப்பவே வந்திருந்தா விரல் பத்தும் நேரா இருந்திருக்கும்" என்றார் இஷாயா. அவர் குத்திக்காட்டச் சொல்லவில்லை. உள்ளதைச் சொன்னார்.

மூன்று வருஷம் மாத்திரை தின்றான். வியாதி நின்றுவிட்டது. விரல்கள் மடங்கியது மடங்கியதுதான். நோய் யாருக்கும் ஒட்டாது என்று முத்திரை குத்திய ஒரு காகிதம் கொடுத்தார்கள். அதை மடித்து அங்கியின் உள்பையில் வைத்துக்கொண்டு கிவாவுக்குப் புறப்பட்டான். மூன்று வருஷமும் ஒரே கேள்வியைத்தான் மனதுக்குள் புரட்டிக்கொண்டிருந்தான். மாலத்துக்குத் தெரியும். டாங்கோவுக்குத் தெரியும். லாராய்க்குத் தெரியுமா?

உச்சிவெயிலில் டாங்கோ வீட்டுக்குப் போய்ச்சேர்ந்தான். டாங்கோ பட்டறையில் இருந்தான். லாராய் வாசலில் குடம் கட்டிக்கொண்டிருந்தாள். அவனைப் பார்த்ததும் அலறவில்லை. எழுந்து வேலிப்படலைச் சாத்தினாள். அவன் வெளியே நின்றான், அவள் உள்ளே நின்றாள்.

"வியாதி போயிருச்சு. காகிதம் இருக்கு" என்றான்.

"இங்க யாருக்குப் படிக்கத் தெரியும்?"

"உன் தம்பிக்குத் தெரியும். முன்னாடி ஒரு காகிதம் படிச்சானே. அதுல என்ன எழுதியிருந்துதுன்னு உன்கிட்ட சொன்னானா?"

லாராய் கையில் ஒட்டிய மண்ணை உருட்டிக்கொண்டே இருந்தாள்.

"அன்னைக்கே சொன்னான்" என்றாள்.

"ஏன் என்கிட்ட சொல்லல?"

"ஒரு தடவ சொன்னேன். நான் விழுந்து எந்திரிச்சதை நீங்க பார்த்தீங்க. ரெண்டாவது தடவயும் சொல்லணும்னு எனக்கு என்ன வேண்டுதலா?" குரல் உயரவில்லை. "அப்புறம் நீங்க நீல அங்கி போட்டுக்கிட்டு வந்தீங்க. ஊரே கை தட்டுச்சு. சரி, தட்டட்டும்னு இருந்துட்டேன்."

 பிறகு அவளே சொன்னாள்.

"ஜும்மைக்கு வெள்ளிக்கிழமை கல்யாணம். வெளியூர், நல்ல குடும்பம். பையனும் அவன் கூட்டாளிகளும் பொண்ணுக்கு ஈடா ரெண்டு வருஷமா நம்ம கொல்லைல வந்து மேடு வெட்டியிருக்காங்க. அப்பன் செத்துட்டான்னு சொல்லியிருக்கு. வெள்ளிக்கிழமை வரைக்கும் செத்தே இருங்க. அதுக்கப்புறம் வாங்க, பின்பக்கம் ஒரு குடிசை போட்டுத் தரச் சொல்றேன். சோறு நான் கொடுத்தனுப்பறேன்."

"சரி" என்றான் ஜத்தாவ்.

ஊருக்கு வெளியே பாறைக்குப் பின்னால் இடிந்து கிடந்த ஓர் ஆட்டுப்பட்டியில் இரண்டு நாள் இருந்தான். வழியில் வாங்கிய கடலைப் பிண்ணாக்கைத் தின்றான். வெள்ளிக்கிழமை காலையில் மேளம் கேட்டது. ஓடையில் இறங்கிக் குளித்தான். அங்கியை உதறிப் போட்டுக்கொண்டு, கை இரண்டையும் நீளச் சட்டைக்கைக்குள் இழுத்துக்கொண்டு ஊருக்குள் வந்தான். ஏழு வருஷத்துக்கு முன்னால் காரில் வந்தவர்கள் பார்த்த ஆள் அல்ல அவன்; முகம் தடித்துப் புருவம் உதிர்ந்திருந்தது. கூட்டத்தில் பாதிக்கு மேல் மாப்பிள்ளை ஊர்க்காரர்கள்; யாரும் அடையாளம் காணவில்லை. யாரோ தூரத்து உறவு என்று நினைத்து, மாப்பிள்ளையின் தகப்பனார் தம் பக்கத்திலேயே பாயில் இடம் விட்டார். பெரிய மனுஷர், நல்ல மாதிரி. சோளக்கள் நிறைத்த சுரைக்குடுவையை எடுத்து நீட்டினார்.

"எந்த ஊருண்ணே? பொண்ணு வீட்டுக்கு என்ன வேணும்?"

வழிப்போக்கன் என்று சொல்லியிருக்கலாம். ஒரு மாமன், சித்தப்பன் என்றுகூடச் சொல்லியிருக்கலாம். முற்றத்தின் அந்தப் பக்கம் டாங்கோ பட்டுக்குல்லா வைத்துக்கொண்டு, பெண்ணின் தகப்பன் ஸ்தானத்தில் நின்று வருகிறவர்களின் வாழ்த்தை வாங்கிக்கொண்டிருந்தான். அவன் பக்கத்தில் மாலம் இத்ரீஸ் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"நான் பொண்ணோட அப்பன்" என்றான் ஜத்தாவ். சட்டைக்கையை மேலே தள்ளிவிட்டு, மடங்கிய இரண்டு கைகளையும் வெளியே எடுத்து, குடுவையை வாங்கினான். நிதானமாகக் குடித்தான். வாயைத் துடைத்துக்கொண்டு திருப்பிக் கொடுத்தான்.

பெரியவர் பழக்கத்தில் வாங்கிவிட்டார். கையில் இருப்பதைப் பார்த்தார். மெல்லக் குனிந்து, பாய்க்கு வெளியே மண்ணில் வைத்தார். எழுந்தார். அவர் எழுந்ததும் அவர் தம்பி எழுந்தார். பாய் வரிசையாகக் காலியாயிற்று. மேளம் அடித்தவன் கடைசியாகத்தான் கவனித்தான். மாப்பிள்ளை ஏதோ சொல்ல வாயெடுத்தான். இரண்டு மாமன்கள் அவனை அக்குளில் கை கொடுத்து நடத்திக்கொண்டு போனார்கள்.

டாங்கோ உலக்கையைத் தூக்கிக்கொண்டு வந்தான். மூன்று அடி தள்ளியே நின்றுவிட்டான். அடிக்க வேண்டுமானால் கிட்டப் போக வேண்டும். கிட்டப் போக யாருக்கும் மனம் இல்லை. பின்னாலிருந்து ஒரு மண்கட்டி வந்து ஜத்தாவின் தோளில் விழுந்து உடைந்தது. அப்புறம் நிறைய வந்தன. லாராய் எறியவில்லை. வாசற்படியில் உட்கார்ந்து, காலியான பாய்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜும்மை உள்ளேயிருந்து வந்தாள். உடம்பெல்லாம் எண்ணெயும் செங்குழம்பும் பூசி, கழுத்து நிறைய மணிகளோடு இருந்தாள். மண்கட்டி எறிந்தவர்கள் நிறுத்தினார்கள். அவள் நேராக அவன் முன்னால் வந்து நின்றாள். மற்றவர்கள் விட்ட தூரத்தை அவள் விடவில்லை.

"நான் உங்களுக்கு என்ன பண்ணினேன்?"

"உங்கம்மாவும் உன் மாமனும் எனக்கு என்ன பண்ணினாங்கன்னு உனக்குத் தெரியாது. அந்த மாலம்..."

"நான் அவங்களைப் பத்திக் கேக்கல" என்றாள் ஜும்மை. "நான் என்ன பண்ணினேன்னு கேட்டேன்."

  அவள் கொஞ்ச நேரம் காத்திருந்து பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

குடியிருப்புக்குத் திரும்பியபோது இஷாயா, "வீட்டுல எல்லாரும் எப்படி இருக்காங்க?" என்று கேட்டார். "நல்லா இருக்காங்க" என்றான்.

இரண்டு வருஷ உழைப்புக்கு ஈடாக, கொல்லையில் விளைந்த கிழங்கு அத்தனையையும் மாப்பிள்ளை வீட்டார் வெட்டிக்கொண்டு போனார்களாம். அடுத்த வருஷம் ஜும்மையைத் தூரத்துக் கடூனாவில் ஒரு லாரி ஓட்டுநருக்கு மூன்றாம் தாரமாகக் கொடுத்தார்கள். அந்த ஊரில் அவளைப் பற்றி யாருக்கும் எதுவும் தெரியாது என்பதுதான் அந்த இடத்தின் சிறப்பு. மாலம் இத்ரீஸ் மாலை மரியாதையோடு ஓய்வு பெற்றார். டாங்கோ சுமாரான வனைஞன். கடைசிவரை முதல் சக்கரத்தில் இருந்தான்.

ஜத்தாவ் அதற்குப் பிறகு பத்தொன்பது வருஷம் குடியிருப்பில் இருந்தான். மண்வெட்டியைக் கையோடு துணியால் கட்டிக்கொண்டு கிழங்கு போட்டான். கூட இருந்தவர்களுக்கு அவனைப் பிடிக்காது. யாருக்கு விரல் எவ்வளவு போயிருக்கிறது என்று சொல்லிக் கேலி பேசுவான். அந்த வெள்ளிக்கிழமையைப் பற்றிச் சிலரிடம் சொல்லியிருக்கிறான். சிலரிடம், பெற்ற பெண்ணை மணக்கோலத்தில் ஒரு தடவை பார்த்துவிட்டு வந்துவிடலாம் என்றுதான் போனேன் என்றான். வேறு சிலரிடம், அவர்கள் பிழைப்பில் மண்ணைப் போடத்தான் போனேன், போட்டேன் என்றான். இரண்டையும் கேட்ட ஒருவர், "இதுல எதுண்ணே நிஜம்?" என்று ஒருநாள் நேராகவே கேட்டார். ஜத்தாவ் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, கட்டை அவிழ்த்து மண்வெட்டியை மரத்தில் சாய்த்து வைத்தான். அதற்குப் பிறகு அவரோடு பேசவே இல்லை. அடுத்த மழைக்காலத்தில் காய்ச்சல் வந்து இறந்துபோனான்.